மின்சார வண்டியும் நம் வீட்டு வாசலும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவையொட்டிக் கிருஷ்ணன்கோவிலில் நிகழ்த்திய உரை)

     

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மின்சார வண்டியின் பேட்டரியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கருதக்கூடும். கல்வி என்பது ஏட்டோடும் தேர்வுச் சான்றிதழோடும் முடிந்துவிடுவதன்று. நம் வீட்டிற்குள் நுழையும் ஒவ்வொரு புதுப் பொருளையும் அறிந்து ஆளும் திறனும் கல்வியே ஆகும். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கியபோது, மின்சாரத் திட்டமிடலும் அத்துறையின் பொறுப்பிலேயே இருந்தது. மின்சாரம் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைத்தாலன்றி இந்நாட்டில் தொழில் வளராது, வறுமையும் நீங்காது என்று அவர் அந்நாளிலேயே வாதாடினார். அன்று அவர் வேண்டிய மின்சாரம் இன்று சக்கரம் பூண்டு நம் தெருவிற்கே வந்து நிற்கிறது. அதை அஞ்சி ஒதுக்குவதும் அறிவன்று; அறியாமல் அணைத்துக்கொள்வதும் அறிவன்று.

மதுரைக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே செல்லும் இந்த நெடுஞ்சாலையில் சிறிது நேரம் நின்று பார்த்தால் ஓசையின்றி ஓடும் ஸ்கூட்டர்களைக் காணலாம். தலைநகர் சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நம் ஊராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் குப்பை சேகரிக்கும் தூய்மைப் பணியாளர் கையில் பேட்டரி வண்டி கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆலைக்குச் செல்வோரும், பொருள்களை வீடுதோறும் கொண்டு சேர்க்கும் இளைஞரும், பெட்ரோல் விலைக்கு அஞ்சி மின்வண்டியை நாடுகின்றனர். ஆக, இது செல்வர் வீட்டுப் பொருளாக மட்டும் இல்லை, நம் பொருளாகிவிட்டது.

இவ்வுரையில் நாம் வலியுறுத்த விழைவது ஒன்றே. மின்கலத்திற்கு மெயின் ஸ்விட்சு கிடையாது. ஆகவே அது எங்கே நிற்கிறது, எங்கே சார்ஜ் ஏறுகிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. ஒரே வாசல் கொண்ட சிறு வீட்டில் வாழும் நமக்கு அது பிறரைக் காட்டிலும் பெரிய கேள்வி.

மின்கலத்தின் இயல்பு

வீட்டு மின்சாரம் தொலைவிலிருந்து கம்பி வழியே வருவது. மெயினை அணைத்தால் நின்றுவிடும். மின்கலமோ தன்னுள்ளேயே ஆற்றலைச் சேர்த்து வைத்திருப்பது. சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினாலும் கலத்தின் உள்ளே ஆற்றல் அப்படியே இருக்கும். குழாயை மூடலாம், கிணற்றை மூட இயலாது. மின்கலம் குழாயன்று, கிணறு.

இக்காலத்து வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது லித்தியம்–அயான் கலம். 1991ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் இதனை முதன்முதல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதனை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு கலத்தின் மின்னழுத்தம் அதன் வகைக்கேற்ப ஏறத்தாழ 3.2 முதல் 3.7 வோல்ட்டு மட்டுமே. ஆனால் ஊர் கூடித் தேர் இழுப்பது போலப் பல கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் அழுத்தம் கூடுகிறது. ஸ்கூட்டரில் அது 48 முதல் 72 வோல்ட்டு வரை இருக்கும். காரில் ஏறத்தாழ 100 கலங்களைத் தொடுத்து 300 முதல் 400 வோல்ட்டு வரை பெறுகின்றனர். புதிய கார்கள் சிலவற்றில் 800 வோல்ட்டு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் வலிமை விளங்கும்.

வாகனத் தர விதிகள் நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டைத் தாண்டியதையே ஆபத்தான அழுத்தமாகக் கொள்கின்றன. வீட்டு மாறுமின்சாரம் வினாடிக்கு 100 தடவை சுழிநிலையைத் தொட்டு மீள்கிறது. மின்கலத்தின் நேர்மின்சாரத்திற்கு அந்த இடைவெளி இல்லை. அதனால் இணைப்பைப் பிரிக்கும்போது எழும் தீப்பொறி எளிதில் அணைவதில்லை. நீண்டு எரிந்து கையையும் முகத்தையும் சுட்டுவிடும். வண்டியின் உயரழுத்தக் கம்பிகளுக்கு ஆரஞ்சு நிறம் இட்டிருப்பது இதனாலேயே. ஆரஞ்சு நிறக் கம்பியைப் பயிற்சி பெறாதவர் தொடலாகாது. இவ்விதிக்கு விலக்கில்லை.

ஆற்றலின் அளவையும் அறிந்துகொள்வோம். ஸ்கூட்டர் ஒன்றின் கலத்தில் ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரம் அடங்கும். 60 வாட் மின்விசிறியை 50 மணி நேரம் சுழற்றவல்ல ஆற்றல் அது. மெல்ல வெளிப்பட்டால் நம்மை ஆலைக்கும் சந்தைக்கும் சுமந்து செல்லும். சில நிமிடங்களில் வெளிப்பட்டால் வீட்டையே எரிக்கும்.

தீ எவ்வாறு பிறக்கிறது?

கலத்தின் உள்ளே நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே தாளினும் மெல்லிய தடுப்பு ஒன்று உண்டு. அடிபட்டு நசுங்குவதாலோ, தயாரிப்புக் குறையாலோ, அளவு மீறிய சார்ஜாலோ, நீர் புகுவதாலோ அத்தடுப்புச் சிதைந்தால் இரு முனைகளும் உள்ளேயே சேர்ந்து வெப்பம் எழும். அவ்வெப்பம் வேதிவினையைத் தூண்ட, வினை மேலும் வெப்பத்தைத் தரும். ஒரு கலத்தின் சூடு அடுத்த கலத்தைப் பற்றும். அதன்பின் அதனை நிறுத்த எவராலும் எளிதில் இயலாது. வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் போன்ற நச்சு வாயுக்கள் உள்ளன. மூடிய அறையில் தீயைக் காட்டிலும் புகையே முந்திக் கொல்லும்.

நம் விருதுநகர் மாவட்டத்தார்க்குத் தீயின் இயல்பைப் புதிதாகக் கூற வேண்டியதில்லை. சிவகாசி, சாத்தூர் வட்டாரப் பட்டாசு ஆலைகளில் ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி என்று சட்டம் வரையறுத்திருப்பதை நாம் அறிவோம். அவ்வரையறை மீறப்பட்ட இடங்களில் உயிர்கள் போனதையும் அறிவோம். பொருள் ஆபத்தானது என்பதால் தொழிலை விட்டோமா? இல்லை. இடைவெளியும் ஒழுங்குமே உயிரைக் காக்கும் என்று கற்றோம். அதே பாடம் இங்கும் பொருந்தும்.

2022 மார்ச் மாத இறுதியில் வேலூரில், வீட்டின் முன்புறம் இரவில் சார்ஜில் விடப்பட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் ஒன்று தீப்பற்றியது. உள்ளே உறங்கிக்கொண்டிருந்த தந்தையும் பள்ளியில் பயிலும் மகளும் புகையில் மூச்சடைத்து மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று செகந்தராபாத்தில், மின்சார ஸ்கூட்டர் விற்பனை நிலையத்தில் எழுந்த தீயின் புகை படிக்கட்டு வழியே மேல்மாடி விடுதிக்கு ஏறியது. 8 பேர் இறந்தனர். இரண்டு இடத்திலும் வெளியேறும் வழியைப் புகை அடைத்துக்கொண்டது என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும்.

கடல் கடந்த நியூயார்க்கு நகரிலும் இதே கதைதான். அங்கே உணவுப் பொட்டலங்களைக் கொண்டு சேர்க்கும் ஏழைத் தொழிலாளர் நெருக்கமான குடியிருப்புகளில் மின்சைக்கிளையும் கலத்தையும் வீட்டினுள் வைத்து வாழ்கின்றனர். 2023இல் மட்டும் லித்தியம் கலத் தீயால் அந்நகரில் 18 பேர் இறந்தனர். அதே ஆண்டு, தரச்சான்று இல்லாத கலங்களையும், பழைய கலங்களைப் பிரித்துக் கோத்த கலங்களையும் விற்பதற்கு அந்நகரம் சட்டத்தால் தடை விதித்தது. செல்வ நாடாயினும், ஆபத்து முதலில் தேடி வருவது இடமில்லாதவன் வீட்டைத்தான்.

வீட்டில் செய்யத்தக்கன

தொகுப்பு வீட்டின் அமைப்பை நாம் அறிவோம். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு வாசல். திருட்டிற்கு அஞ்சி இரவில் வண்டியை உள்ளே ஏற்றிக் கூடத்தில் நிறுத்துகிறோம். வாசலருகே உள்ள பிளக்கில் மாட்டிவிட்டுக் குழந்தைகளோடு உள்ளறையில் உறங்குகிறோம். இதனை உடனே விட்டொழிக்க வேண்டும். உறங்குமிடத்திற்கும் வாசலுக்கும் நடுவே சார்ஜில் உள்ள கலம் இருத்தல் கூடாது. வண்டி வெளியில் நிற்கட்டும். நிழலில், வாசற்படியை விட்டு விலகி நிற்கட்டும். சார்ஜ் செய்வது விழித்திருக்கும் வேளையில் நடக்கட்டும். கழற்றி எடுக்கும் வகைக் கலமாயின் வெறும் சிமெண்டுத் தரையில் வைக்க வேண்டும். மெத்தை, பாய், துணி மூட்டை, எரிவாயு உருளை, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் அருகே வைக்கலாகாது.

வண்டியோடு தந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். அண்டை வீட்டார் வண்டியின் சார்ஜர் முனை பொருந்துகிறது என்பதால் அழுத்தமும் பொருந்தும் என்று கொள்ளலாகாது. மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை உடைத்துவிட்டு இரண்டு துளையில் செருகுவது நம்மிடம் பழகிப்போன கேடு. அம்முனையே எர்த்து, கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பி நம் உயிரைக் காப்பது அதுவே. மெல்லிய ஒயரை ஜன்னல் வழியே நீட்டிச் சுருட்டி வைத்துச் சார்ஜ் செய்வதும் தவறு. சுருளில் சூடு தங்கி ஒயர் உருகும். கார் சார்ஜுக்கு 16 ஆம்பியர் பிளக்கும் தனிக் கம்பியும் தேவை. மின்கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியை ஒவ்வொரு வீட்டிலும் பொருத்துதல் நலம். அதன் விலை ஓர் உயிரின் விலையாகாது.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் ஒரு சொல். சித்திரை வெயிலில் ஓடி வந்த வண்டியின் கலம் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். வந்ததும் வராததுமாகப் பிளக்கில் மாட்டாமல், அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். தகரக் கொட்டகையினும் வேப்பமர நிழல் சிறந்தது. அன்றாடப் பயன்பாட்டில் 20க்கும் 80க்கும் இடைப்பட்ட விழுக்காட்டில் வைத்திருந்தால் பெரும்பாலான கலங்களின் ஆயுள் நீளும். இரும்புப் பாஸ்பேட்டு வகைக் கலங்களை அவ்வப்போது முழுமையாக நிரப்புமாறு சில தயாரிப்பாளர் கூறுவர். வண்டியோடு தந்த கையேட்டின்படி நடப்பதே முறை. வெளியூருக்குப் பல வாரம் செல்வோர் கலத்தைப் பாதியளவு நிரப்பி வைத்துச் செல்ல வேண்டும். முற்றிலும் வற்றவிடுவதும் முழுதும் நிரப்பிக் கிடத்துவதும் கேடு.

கலம் பேசும் மொழியையும் அறிதல் வேண்டும். உறை வீங்குதல், மருந்துக்கடை போன்ற இனிப்பு வாடை, சீறும் ஓசை, வெண்புகை, தொட முடியாத சூடு, முன்பு ஓடிய தூரம் திடீரெனக் குறைதல் ஆகியவை எச்சரிக்கைகள். வாடையும் ஓசையும் புகையும் தோன்றினால் ஒரு கணமும் தாமதியாமல் அனைவரும் வெளியேற வேண்டும். பணமும் பத்திரமும் எடுக்க மீண்டும் நுழையலாகாது. வெளியே வந்தபின் 101 அல்லது 112 எண்ணை அழைத்து, எரிவது மின்சார வண்டி என்று சொல்ல வேண்டும். அத்தீயை அணைக்க மிகுந்த நீரும் நெடுநேரமும் தேவைப்படும் என்பதால் அச்செய்தி தீயணைப்போர்க்கு இன்றியமையாதது. அணைந்த கலம் பல மணி நேரம் கழித்தும், சில நாள் கழித்தும் மீண்டும் பற்றக்கூடும். அதனை வீட்டருகே கொண்டுவரலாகாது.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென் மாவட்டங்களைச் சூழ்ந்த வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அத்தகைய நீரில் மூழ்கிய வண்டியைக் காயவைத்து ஓட்டிப் பார்ப்பது பெரும் பிழை. ஓட்டவும் கூடாது, சார்ஜில் மாட்டவும் கூடாது. வீட்டிலிருந்து ஏறத்தாழ 50 அடி தள்ளி நிறுத்திவிட்டு நிறுவனத்தாரை அழைக்க வேண்டும். உப்புநீர் புகுந்ததாயின் ஆபத்து இன்னும் மிகுதி. அமெரிக்காவின் புளோரிடாவில் 2022 செப்டம்பரில் வீசிய இயான் புயலுக்குப் பின், கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் பல நாள் கழித்தும் தீப்பற்றின.

தொழிலாளர் அறிய வேண்டுவன

ஊராட்சியின் பேட்டரி வண்டியை ஓட்டும் நம் சகோதர சகோதரியருக்குச் சில சொற்கள். உங்கள் வண்டியில் இருப்பது ஈய–அமிலக் கலமாயின், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றோட்டமான இடத்திலேயே சார்ஜ் செய்ய வேண்டும். பீடியும் நெருப்பும் அருகே ஆகா. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்போது கையுறையும் கண்ணாடியும் வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. தருவது நிர்வாகத்தின் கடமை. வண்டியைக் கொடுத்துவிட்டு, அதனைக் கையாளும் அறிவையும் கருவியையும் கொடாமல் விடுவது, ஏணியைக் கொடுத்துப் படியைப் பறிப்பதற்கு ஒப்பாகும்.

குப்பையில் வரும் பழைய கலமும் தூய்மைப் பணியாளரையே முதலில் தாக்குகிறது. கைப்பேசிக் கலமாயினும் வண்டிக் கலமாயினும் நசுங்கினால் தீப்பற்றும். மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இல் வெளியாயின. பழைய கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது அவ்விதிகள் சுமத்துகின்றன. பயன்படுத்துவோரும் அதனைப் பிற குப்பையோடு சேர்த்தெறியக் கூடாது. ஈயத்துக்காகப் பழைய கலத்தை வீட்டுக் கொல்லையில் உடைத்து உருக்குவது குழந்தைகளின் மூளைக்கு நஞ்சூட்டுவதாகும். நாலு காசு கிடைக்கும் என்பதற்காக அதனைச் செய்யலாகாது.

மெக்கானிக் தொழிலை நாடும் இளைஞர்களே! உயரழுத்த வேலையில் துணிச்சலுக்கு இடமில்லை, வரிசைக்கே இடம். வண்டியை அணைத்துச் சாவியை அகற்றுங்கள். 12 வோல்ட்டு இணைப்பைக் கழற்றுங்கள். உயரழுத்தத் துண்டிப்புப் பிளக்கை எடுத்து உங்கள் வசமே வையுங்கள். தயாரிப்பாளர் குறித்த நேரம் வரை காத்திருங்கள். தேக்கிகளில் தங்கிய மின்சாரம் வடிய அந்நேரம் தேவை. பின்னர் தரமான மீட்டரால் அளந்து, மின்சாரம் இல்லை என்று கண்டபின்பே கை வையுங்கள். 1000 வோல்ட்டு தாங்கும் ரப்பர்க் கையுறை கட்டாயம். மோதிரம், கைக்காப்பு, வெள்ளி அரைஞாண் யாவும் வெளியே இருக்கட்டும். தனியே வேலை செய்யாதீர்கள். அருகில் ஒருவர் இருக்கட்டும். துண்டிப்புப் பிளக்கை எடுத்தபின்னும் கலப்பெட்டியின் உள்ளே மின்சாரம் உண்டு என்பதை ஒருபோதும் மறவாதீர்கள்.

பழைய கலங்களைக் கோத்து மலிவு விலைக்குப் பேட்டரி செய்து தரும் தொழிலில் இறங்க வேண்டா. வயதும் வலிமையும் ஒவ்வாத கலங்களை ஒன்றாகப் பிணைத்தால் பலவீனமானது முதலில் சூடேறும். 2022இல் நேர்ந்த தீ விபத்துகளுக்குப் பின், இருசக்கர மின்வாகனங்களுக்குரிய ஏ.ஐ.எஸ். 156 என்னும் தரவிதியை மைய அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பர் 1 அன்றும் 2023 மார்ச் 31 அன்றும் இரண்டு கட்டங்களாக நடைமுறைப்படுத்தியது. ஒரு கலம் கெட்டால் தீ பிறவற்றுக்குப் பரவாதபடி காப்பதும், கலங்களின் நிலையைக் கண்காணிக்கும் கருவியும் அவ்விதிகளில் அடங்கும். பிரித்துக் கோத்த பேட்டரியில் இக்காப்பு ஒன்றும் நிலைக்காது. முறையாகக் கற்க விரும்புவோர்க்கு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்வாகன மெக்கானிக் பிரிவு ஏற்பட்டிருக்கிறது. அவ்வாசல் திறந்திருக்கும்போது பின்கதவு நமக்கு எதற்கு?

ஊர் செய்ய வேண்டுவது

இத்தனையும் கேட்டபின், இடமிருந்தால்தானே வெளியில் நிறுத்துவது என்று நீங்கள் கேட்பது நியாயமே. இடமில்லாமையைத் தனியொருவர் தீர்க்க இயலாது. ஊர் கூடித்தான் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு குடியிருப்பிலும் சமுதாயக் கூடத்தை அடுத்து, வீடுகளை விட்டு விலகி, மேற்கூரையும் எர்த்தும் பூட்டும் தனி மீட்டரும் கொண்ட பொதுச் சார்ஜ் கொட்டகை ஒன்று அமைய வேண்டும். பெரும்பொருள் வேண்டும் திட்டமன்று இது. திருட்டச்சமும் தீயச்சமும் ஒருங்கே தீரும். ஊராட்சியின் குப்பை வண்டிகளும் அங்கேயே நிற்கலாம். தமிழகத்தில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் இக்கோரிக்கையை எழுத்து மூலம் வைப்போம். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வராதிருப்போம். படித்த பிள்ளைகள் மனுவை எழுதட்டும். தாய்மார்கள் முன்வரிசையில் அமரட்டும்.

சங்கத்தின் பிள்ளைகளுக்கு ஒரு பணியும் உண்டு. மின்வண்டி உள்ள வீடுகளுக்கு நாளையே சென்று மூன்றை மட்டும் பாருங்கள். வண்டி வாசலை மறிக்கிறதா? பிளக்கில் எர்த்து உண்டா? இரவில் சார்ஜ் செய்கிறார்களா? குறை கண்ட இடத்தில் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். கற்றவன் கற்றதை அடுத்த வீட்டிற்குக் கொண்டு செல்லும்போதுதான் கல்விச் சங்கம் என்ற பெயர் பொருளுடையதாகிறது.

25 ஆண்டுகளாக அறிவு விளக்கை ஏந்திவரும் இச்சங்கம் பொன்விழாவும் காண வேண்டும். அவ்விழாவிற்கு இங்குள்ள குழந்தைகள் எல்லோரும் நலமாக வந்து அமர வேண்டும் என்று வாழ்த்துகிறோம்.